சொல் மாறினால் நினைப்பு மாறுமா?



மொழி இல்லாமல் சிந்தனை உண்டா? உண்டு என்கிறது மூளை பற்றிய ஆய்வு. பக்கவாதத்தால் பேச்சையும் பேச்சைப் புரிந்துகொள்வதையும் பெருமளவு இழந்தவர்களில் சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். ஆனாலும் மொழி சிந்தனைக்குத் தடம் போட்டுக் கொடுக்கிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பெயருக்குள் அடங்கும் நீலங்களைவிட, வெவ்வேறு பெயர் கொண்ட நீலங்களை ரஷ்யர்கள் விரைவாகப் பிரித்தறிந்தனர். மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னபோது அந்த வேகம் மறைந்தது. வேகத்தைத் தந்தது பெயர்தான்.

நம் கிராமத்துக்கு வருவோம். 'ஊர்க்கூட்டம்', 'ஊர்க்குளம்' என்றால் யாருடைய ஊர்? புழக்கத்தில் அச்சொல் சேரியை வெளியே நிறுத்துகிறது. 'சேரி' பிறவியிலேயே இழிந்த சொல்லுமல்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரியோடு கம்மாணச்சேரியும் உண்டு; கம்மாளர் குடியிருப்பும் சேரிதான். மனிதர் மனிதரை நடத்தும் விதமே பொருளாக மனதில் ஏறிச் சொல்லில் படிகிறது. அதனால்தான் சேரிக்குப் பதிலாக வந்த 'காலனி'மீதும் அதே இழிவு ஏறிக்கொண்டது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் நிலமும் குளமும் சுடுகாடும் பிரிந்தே கிடந்தால் அடுத்து வரும் சொல்லும் கறைபடும்.

அப்படியானால் சொல்லுக்காகப் போராடுவது வீணா? இல்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது, அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். அந்தப் பெயர் புகழ்வதுபோல் இருந்தது. ஒடுக்கியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இலக்கணத்தையே பாருங்கள். 'தாழ்ந்தவர்' என்றால் தாழ்வு அவர் இயல்பாகிவிடுகிறது. 'தாழ்த்தப்பட்டவர்' என்றதும் தாழ்த்தியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. மராத்தி வழி நமக்கு வந்த 'தலித்' என்ற சொல்லும் நொறுக்கப்பட்டவர் என்றே பொருள்படும். 'கௌரவக் கொலை' கொன்றவருக்குக் கௌரவம் தந்தது. 'ஆணவக் கொலை' என்று நாம் திருத்தியதும் குற்றம் அவர் பக்கம் திரும்பியது.

ஆகவே ஒவ்வொரு சொல்லிடமும் கேட்போம்: செய்தவனை நீ காட்டுகிறாயா, மறைக்கிறாயா? காட்டும் சொல்லைப் புழங்குவோம். அது காட்டும் அநீதியைக் களத்தில் மாற்றுவோம். இரண்டும் சேர்ந்தால்தான் நினைப்பு மாறும்.

ஜெய்பீம்.