விமானியாகப் புறப்படுமுன்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்திலே கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள வீடுகளில் வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற பேச்சே மிகுந்திருப்பது வழக்கம். இப்பொழுது அப்பேச்சினிடையே, "அப்பா, நான் பைலட் ஆகப் போகிறேன்" என்ற குரலும் கேட்கிறது. சொல்பவன் மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். தகப்பனார் என்ன விடை பகர்வதென்று அறியாது திகைக்கிறார். தாயாரோ, பிள்ளை ஆகாயத்திலே திரிவதை எண்ணி அஞ்சுவதா, ஊரார் மெச்சுவதை எண்ணி மகிழ்வதா என்று தெரியாமல் நிற்கிறார்.

வைத்தியராக விரும்பும் பிள்ளைக்கு யோசனை கூற ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு. விமானியாக விரும்பும் பிள்ளைக்குக் கட்டுகஸ்தோட்டையிலோ, கம்பளையிலோ, தெல்தோட்டையிலோ யார் உளர்? கண்டி மாநகருக்குப் பிரயாணிகள் விமான நிலையமே கிடையாது. விமானம் என்பது ஹந்தானை மலைக்கு மேலே முழங்கிச் செல்லும் ஓர் ஓசை, அவ்வளவே. ஆதலின் இத்துறையில் நுழைய எண்ணும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே கூற விழைகிறோம்.

'கடெட் பைலட்' எனப்படும் பயிலுநர் விமானி, விமானம் ஓட்டி முன்பின் அறியாதவர். அத்தகைய இளைஞரை ஒரு விமானக் கம்பெனி பரீட்சித்துத் தெரிவு செய்து, பயிற்சி அளித்து, ஈற்றில் தன் விமானத்திலேயே துணை விமானியாக அமர்த்துவதுதான் இம்முறை. இரண்டாம் உலகப் போரிலே விமானம் ஓட்டியவர்கள் ஓய்வுபெறுங் காலம் நெருங்கவே, பிரித்தானிய விமானக் கம்பெனிகளுக்காக 1960ஆம் ஆண்டு ஹாம்பிள் என்ற இடத்தில் இதற்கென ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. நமது நாட்டிலே எயர் சிலோன் 1947 டிசம்பர் 10ஆந் திகதி தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியது. 'சீதாதேவி' என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை சேர்ந்தது. 1979இல் எயர் லங்கா தோன்றியது; அதுவே பின்னர் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் எனப் பெயர் மாறியது. அக்கம்பெனி பயிலுநர் விமானிகளை ஆண்டுதோறும் சேர்ப்பதில்லை. தேவை ஏற்படும்போது பத்திரிகைகளில் விளம்பரம் செய்து சேர்த்து வந்திருக்கிறது. வயது, உயரம், பரீட்சைச் சித்தி ஆகிய விதிகள் ஒவ்வொரு முறையும் விளம்பரத்திற் குறிக்கப்படும். போன முறை நண்பன் கண்ட விதியை நம்பி இம்முறை விண்ணப்பித்தலாகாது.

விமானியாகும் வழிக்கு உலகெங்கும் பொதுவான படிகள் சில உண்டு. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 17 நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளம் பெற்று ஓட்டுவதற்கான வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18. பறந்த நேரம் 200 மணி. அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாயின் 150 மணி போதும். பெரிய விமானத்தின் கப்டனாவதற்குரிய அனுமதிப்பத்திரத்துக்கு 1500 மணி. அந்தப் படி பின்னர் வருவது; அதனை இப்பொழுது எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது பணத்தைப் பற்றி. பயிலுநர் திட்டங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. கம்பெனியே செலவை ஏற்று, இத்தனை ஆண்டுகள் எம்மிடமே பணியாற்ற வேண்டும் என்று பிணை எழுதி வாங்குவது ஒரு வகை. செலவைக் குடும்பம் ஏற்க, தேறினால் வேலை தருவோம் என்று கம்பெனி உறுதி கூறுவது இன்னொரு வகை. மூன்றாவது வகையிலே செலவும் குடும்பத்தினுடையது, உறுதியும் கிடையாது. பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்திலே கம்பெனியின் பெயரும் படமும் இருக்கும். ஒப்பந்தத்தைப் படித்தால் கம்பெனி எதற்கும் கட்டுப்பட்டிராது. ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டையும் வளவையும் ஈடு வைத்தாலன்றித் திரட்ட இயலாத தொகை இது. 2020இல் கொரோனா நோயினால் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றபோது, புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர் பலர் கடனோடு வீட்டிலிருந்தனர். ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடங் காட்டுவதற்காகும் செலவு, இத்தொகையின் முன்னே மிகச் சொற்பம்.

பணத்துக்கு முன்னே செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு; அதனைப் பலர் கடைசியிலே செய்கின்றனர். அதுதான் வைத்திய பரிசோதனை. வர்த்தக விமானிக்கு 'முதலாம் வகுப்பு' வைத்தியச் சான்றிதழ் இன்றியமையாதது. இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபை அங்கீகரித்த வைத்தியரே அதற்குரிய பரிசோதனையை நடத்தலாம். கண், காது, இருதயம், இரத்தம் யாவும் சோதிக்கப்படும். மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு இத்துறையில் இடமில்லை என்று நம்மவர் பலர் இன்றும் நம்பியிருக்கின்றனர். அது தவறு. கண்ணாடியுடனேயே ஒவ்வொரு கண்ணும் 6/9 அளவும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவும் பார்க்குமாயின் சர்வதேச விதி தடை செய்வதில்லை. சில கம்பெனிகள் இதனினுங் கடுமையான விதி வைத்திருக்கலாம். அது வேறு விஷயம்.

ஆனால் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் குறைந்த கண்ணுக்குக் கண்ணாடி உதவாது. பச்சையும் சிவப்பும் மயங்கும் இக்குறை பெண்களிலும் பார்க்க ஆண்களிடமே மிகுதி. அதனை உடையவர் பலர் தமக்கு அஃது உண்டென்றே அறியாமல் வாழ்கின்றனர். விமானத்தின் இடச் சிறகு நுனியில் எரிவது சிவப்பு விளக்கு. வலச் சிறகில் பச்சை. ஓடுபாதையின் அருகிலே நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இறங்கும் விமானிக்கு அவற்றில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றினால் உயரம் சரி. நான்கும் சிவப்பாயின் ஆபத்தான தாழ்வு. இதனை அறிய முடியாதவர் ஓட்டும் விமானத்தில் நாம் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா? புள்ளிகளுக்குள் மறைந்த எண்களை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனைக்குச் சில நிமிடங்களே செல்லும். ஆதனத்தை ஈடு வைத்த பின் இக்குறையைக் கண்டு மனமுடைவதைவிட, உயர்தர வகுப்பில் இருக்கும்போதே கண் வைத்தியரிடம் ஒரு முறை சென்று வருவது எவ்வளவோ மேல். வலிப்போ, மனச்சோர்வோ முன்னர் இருந்திருப்பின் அதனை வைத்தியரிடம் மறைத்தல் கூடாது. 2015 மார்ச் மாதத்தில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி தன் நோயைக் கம்பெனிக்கு மறைத்து, விமானத்தை வேண்டுமென்றே பிரெஞ்சு மலையில் மோதி, தன்னோடு 149 பேரை மாய்த்த செய்தி நேயர்கள் நினைவில் இருக்கும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டவருக்கு முதலில் வருவது தகைமைப் பரீட்சை. கணிதமும் பௌதிகமும் கேட்பார்கள். கணினித் திரையில் ஓர் ஊசியை நடுவில் நிறுத்திக்கொண்டே காதில் விழும் எண்களை நினைவில் வைக்கச் சொல்வார்கள். நம் மாணவர் கணிதத்தில் வல்லவரே. எனினும் தாளும் பேனாவும் இன்றி மனத்தாலே கணிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. ஒரு கணக்கைப் பாருங்கள். விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்பாடு. கண்டியிலிருந்து கட்டுநாயக்கா வான்வழியே ஏறத்தாழ 45 கடல் மைல். அப்படியாயின் கண்டிக்கு நேர் மேலே விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? 15,000 அடி. அப்போது அதன் வேகம் மணிக்கு 300 கடல் மைலாயின், போய்ச் சேர எவ்வளவு நேரம்? நிமிடத்துக்கு ஐந்து மைல். ஆகவே ஒன்பது நிமிடம். கடுகண்ணாவை இறக்கத்திலே லொறிக்குப் பின்னால் ஊர்ந்து செல்வோருக்கு இது பொறாமையை ஊட்டக்கூடும்.

இக்கணக்கு விளையாட்டுக் கணக்கன்று. மலைநாட்டு மக்கள் இதன் மறுபக்கத்தை அறிவர். 1974 டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின் எயர் என்னும் டச்சுக் கம்பெனியின் விமானம், கட்டுநாயக்காவில் இறங்க வருகையில், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. தாம் இருந்த இடத்தைத் தவறாக அறிந்த விமானிகள், விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர். அம்மலையிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 40 கடல் மைல். மேலே கூறிய வாய்பாட்டின்படி அங்கே விமானம் 12,000 அடிக்கு மேலே இருந்திருக்க வேண்டும். 'நாம் எங்கே இருக்கிறோம்' என்ற ஒரு கேள்விக்கு உரிய விடை அன்றிரவு அங்கே கிடைக்கவில்லை.

இனி நேர்முகப் பரீட்சை. மூத்த கப்டன் ஒருவரும், பயிற்சிப் பகுதியைச் சேர்ந்தவரும், ஆளணி அதிகாரியும் எதிரே அமர்ந்திருக்கக் கூடும். ஏன் விமானியாக விரும்புகிறீர் என்பது நிச்சயமாக வரும் கேள்வி. "சிறுவயதில் வானத்தில் விமானத்தைப் பார்த்தேன், அன்றே ஆசை கொண்டேன்" என்ற விடையை அவர்கள் அன்று காலையிலேயே பல முறை கேட்டிருப்பார்கள். கண்டியிலிருந்து இரத்மலானைக்குச் சென்று ஒரு பயிற்சிப் பள்ளியைப் பார்த்தீரா? ஒரு விமானியோடு பேசினீரா? கம்பெனியிடம் எவ்வகை விமானங்கள் உண்டென்று அறிவீரா? இவற்றுக்கு 'ஆம்' என்று சொல்லக்கூடியவருடைய ஆசையை எவரும் ஐயுறார். தனியார் வகுப்புகளில் விடைகளை மனனஞ் செய்து ஒப்புவிப்போரை, இரண்டாவது குறுக்குக் கேள்வியிலே கண்டுகொள்வார்கள். தெரியாத கேள்விக்குத் "தெரியாது, ஐயா" என்று கூறுவதில் இழுக்கில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோற் பேசுபவனே அவர்கள் அஞ்சும் ஆள்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி வேறொன்று: "உம்முடைய கப்டன் தவறு செய்கிறார் என்று உமக்குத் தோன்றினால் என்ன செய்வீர்?" பெரியவர் சொல்லுக்கு மறுவார்த்தை பேசாதே என்று பழக்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளை, "கப்டன் சொற்படி நடப்பேன்" என்றே பணிவாக விடையளிக்கும். வீட்டிலே அது நற்குணம்; விமானத்திலே அது போதாது. 1977 மார்ச் 27ஆந் திகதி, தெனெரீஃப் தீவிலே பனிமூட்டத்தில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று பொறியியலாளர் தம் கப்டனிடம் வினவினார்; விலகிவிட்டது என்று கப்டன் அழுத்தமாகக் கூறவே, பேச்சு அத்துடன் நின்றது. அதன் பின்னரே இளையவர் மூத்தவரிடம் ஐயத்தை எடுத்துரைப்பதும், மூத்தவர் அதற்குச் செவிசாய்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாயின. "கப்டன், நமது உயரம் குறைவாகத் தெரிகிறது" என்று முதலில் மரியாதையுடன் சொல்லுதல். கேளாவிடின், "கப்டன், உடனே மேலே ஏற வேண்டும்" என்று உறுதியாகச் சொல்லுதல். அதுவும் பயனற்றுப் போய் ஆபத்து நெருங்கின் தானே கட்டுப்பாட்டை ஏற்றல். பரீட்சகர் எதிர்பார்க்கும் விடை இதுவே. இதனை நேர்முகப் பரீட்சைக்கு முந்திய இரவிற் கற்க முடியாது. வீட்டிலே ஒரு கணக்கில் தகப்பனார் தவறும்போது, "அப்பா, இது சரியா என்று இன்னொரு முறை பாருங்கள்" என்று பிள்ளை சொல்ல இடமளித்திருக்கிறோமா என்பதைப் பெற்றோரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தைக் குறித்து நம் மாணவர் அளவுக்கு மிஞ்சி அஞ்சுகின்றனர். சர்வதேச விதியிலே ஆங்கில ஆற்றலுக்கு ஆறு படிகள் உள. வெளிநாடுகளுக்குப் பறப்போருக்கு நான்காம் படி போதும். இலண்டன்காரரைப் போல் உச்சரிக்கும்படி எவரும் கேட்பதில்லை. கேட்பவருக்கு விளங்க வேண்டும். சொன்னது விளங்காவிடின் மீண்டும் கேட்கத் தெரிய வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம் வீட்டிலேயே அண்ணனும் தங்கையும் ஆங்கிலத்தில் உரையாடினால், நகரத்து வகுப்புகளுக்குக் கட்டும் பணத்திற் பெரும்பகுதி மிஞ்சும்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்ற தொழிலா என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். சென்னையிலே வாழ்ந்த உஷா சுந்தரம், 1951ஆம் ஆண்டிலேயே தம் கணவருடன் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஒரு 'டவ்' விமானத்தை ஓட்டி வந்தவர். நமது நாட்டிலும் ஸ்ரீலங்கன் 2018இல் விமானிகள் உட்பட முழுதும் பெண்களே பணியாற்றிய ஒரு பிரயாணத்தை நடத்தியது. அக்கேள்விக்கு இதற்கு மேல் இடங் கொடுக்க வேண்டியதில்லை.

நேர்முகப் பரீட்சை முடிந்தபின் கடிதம் வரச் சில வாரங்கள் செல்லலாம். தெரிவு செய்யப்படாதவருக்குக் காரணம் எழுதி அனுப்பும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. சில கம்பெனிகள் குறித்த காலம் கழிந்த பின்னரே மீண்டும் விண்ணப்பிக்க இடமளிக்கின்றன. இதற்கிடையிலே பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்ப முடிவுத் திகதி வந்து போய்விடும். பேராதனையிலே பொறியியற் பீடம் இருக்கிறது; விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலையியல், விமானப் பொறியியல் ஆகியனவும் இதே துறையின் பிற வாயில்களே. விமானிக்குரிய விண்ணப்பத்தை அனுப்பும் அன்றே பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுக.