பத்து லட்சத்திலிருந்து மூன்று கோடி: நடராஜனைத் தேடி வந்த அணிகள்

2017 பிப்ரவரி 20 அன்று பெங்களூருவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில், சேலம் மாவட்டத்து இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயர் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் வாசிக்கப்பட்டது. அணிகள் மாறி மாறிக் கேட்க, கடைசியில் கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடிக்கு அவரை எடுத்தது. தாரமங்கலம் பக்கம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த அந்த வீச்சாளர் தங்கராசு நடராஜன். இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத ஒருவருக்கு அடிப்படை விலையைப் போல முப்பது மடங்கு கொடுக்க ஓர் அணி ஏன் துணிந்தது என்பதைப் பார்த்தால், ஆள் தேடும் தொழில் எப்படி நடக்கிறது என்பது விளங்கும்.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்கு வரும் வியாபாரி, விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்த பிறகுதான் விலை சொல்வார். ஆட்டக்காரர் ஏலத்தில் அப்படி ஒடித்துப் பார்க்க வழியில்லை. அங்கே விலை, ஒருவர் இதுவரை செய்ததற்கு மட்டுமல்ல, இனிமேல் செய்யப்போவதற்கும் சேர்த்துத்தான். அதனால்தான் ஏலத்துக்குப் பல மாதங்கள் முன்பே அணிகள் உள்ளூர்ப் போட்டிகளுக்கு ஆள் அனுப்புகின்றன, வீடியோக்களைச் சேகரிக்கின்றன, கையில் இருக்கும் வீரர்களிடம் அவரவர் ஊர் ஆட்களைப் பற்றி விசாரிக்கின்றன.

நடராஜன் விஷயத்தில் வேலை செய்தது இந்தக் கடைசி வழி. அப்போது பஞ்சாப் அணியின் கிரிக்கெட் பொறுப்பில் இருந்த வீரேந்தர் சேவாக், அணியிலிருந்த தமிழக வீரர்கள் சொல்லித்தான் நடராஜனைப் பற்றித் தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். வீடியோவில் யார்க்கர்களைப் பார்த்ததும், கடைசி ஓவர்களை வீச ஆள் இல்லாமல் இருந்த தன் அணிக்கு இவர் வேண்டும் என்று முடிவெடுத்தார். இவ்வளவு பணமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஆனால் நடராஜனை முதலில் கண்டெடுத்தது எந்த ஐபிஎல் அணியும் இல்லை. அப்பா கூலிக்குத் தறி ஓட்ட, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்த வீட்டில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். அந்தப் பந்தில் ஸ்விங்கை நம்ப முடியாது. மட்டையாளரின் காலடியில் குறி தவறாமல் போடுபவனே தப்பிப்பான். அவருடைய யார்க்கர் அப்படிப் பழகியது. அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய் லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டவர். நடராஜன் சட்டையின் பின்புறம் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டது இந்த நன்றிக்காகவே. நான்காம் டிவிஷனில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் போன்ற பெரிய அணி வரை வந்தார்.

2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த ஆட்டத்திலேயே அவர் பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. பல இளைஞர்களின் பயணம் முடிந்துபோகும் இடம் இது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சியாளர்கள் அவரைக் கைவிடவில்லை; கையசைவை அடியிலிருந்து மாற்றினார்கள். திரும்பி வந்தவர் 2016-ல் தொடங்கிய டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) போட்டியில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கராக இறக்கியதுதான் மற்ற மாநிலத்தார் கண்ணில் பட்டது.

பஞ்சாபில் முதல் பருவம் சரியாக அமையவில்லை. ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. ஆனாலும் முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அந்த அணி அவரை வெளியே விடவுமில்லை. மூன்று கோடி கொடுத்த அணியைவிட, இரண்டு ஆண்டுகள் காத்திருந்த அணியே ஆளைச் சரியாகக் கணித்தது எனலாம். 2020-ல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். அபுதாபியில் நடந்த எலிமினேட்டரில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வலைப்பயிற்சி வீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், இரண்டு நாள் கழித்து டி20-யிலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

அமெரிக்க பேஸ்பாலில் இந்தத் தேடல் வேறு மாதிரி நடக்கிறது. டொமினிக்கன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளில் பதினாறு வயதுப் பையன்களோடு அணிகள் ஒப்பந்தம் போடுகின்றன. வெளிநாட்டு இளைஞர்களுக்காக ஓர் அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்களும் அதற்குள்தான் வருவார்கள். பணத்தால் ஒருவரை ஒருவர் முந்த முடியாதபோது, ஆட்டக்காரரின் மனதைக் கவர்வதே போட்டியாகிறது. 2017 இறுதியில் ஜப்பானின் ஷோஹேய் ஓதானி 23 வயதில் வந்தபோது, அணிகள் அவரைச் சந்தித்துத் தங்கள் திட்டங்களை விளக்க வரிசையில் நின்றன. சுமார் 23 லட்சம் டாலர் முன்பணத்துக்கு ஏஞ்சல்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். ஐபிஎல் ஏலத்தில் ஆட்டக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. அதிக விலை கேட்ட அணிக்கே அவர் போக வேண்டும்.

அந்தத் தேடல் இந்தியா வரையும் ஒருமுறை வந்தது. 2008-ல் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து வென்ற ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவரும் அதற்கு முன் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. முதல்நிலை லீக் வரை அவர்களால் போக முடியவில்லை.

நடராஜனின் விலை பிறகும் ஏறியது. 2022 ஏலத்தில் சன்ரைசர்ஸ் 4 கோடி கொடுத்தது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடிக்கு எடுத்தது. ஆனால் 2025 பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் வெளியிலேயே இருந்தார். விலை ஏறினால் வாய்ப்பும் ஏறும் என்று எந்த ஏலமும் உறுதி தருவதில்லை.

சின்னப்பம்பட்டியில் அவர் தொடங்கிய பயிற்சி மையத்தில் வளர்ந்த ஜி. பெரியசாமி, 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்தார். 2023 ஜூனில் நடராஜன் தன் ஊரிலேயே ஒரு மைதானமும் திறந்தார். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் இன்றும் பையன்கள் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் தேடும் அணிகள், ஒரு ஜெயப்பிரகாஷ் அவர்களைச் சென்னைக்கு அழைத்து வரும்வரை காத்திராமல், இந்தப் பக்கம் நேரில் வந்து பார்க்க வேண்டும்.