சைக்காலஜி நுழைவுத்தேர்வில் மார்க் குறைஞ்சு போச்சா? மறுபடியும் எழுதலாமா, கிடைத்த காலேஜில் சேரலாமா?

எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்க ஆசைப்பட்டு ‘கியூட் பி.ஜி.’ நுழைவுத்தேர்வு எழுதி, மார்க் குறைந்துபோன மாணவ-மாணவிகள் வீட்டில் ஒரே பேச்சுதான். “இன்னொரு வருஷம் இருந்து எழுதட்டுமா?” என்று பிள்ளை கேட்கும். “கிடைச்ச காலேஜ்ல சேரும்மா, காலம் கெட்டுக் கிடக்கு” என்று அப்பா சொல்வார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2022-ம் ஆண்டு தொடங்கிய இந்தத் தேர்வை தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்திய பல்கலைக்கழகத்திலும், புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜி சேர இதுதான் முக்கிய வழி. டெல்லி, காசி வரைக்கும் இதே மார்க்தான் பேசும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, மார்ச் மாத வாக்கில் நடக்கும். அந்த மார்க் அந்த வருஷ சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். தேர்வு எழுத வயது வரம்பு கிடையாது. அதனால் மறுபடி எழுத யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் போவது ஒரு முழு வருஷம். அதுவும் தினக்கூலி வீட்டில் ஒரு வருஷம் என்றால் சும்மா இல்லை.

மார்க்கால் போனதா, பேப்பரால் போனதா?

முதலில் சீட்டு எதனால் கைவிட்டுப் போனது என்று பார்க்க வேண்டும். முகமை தேர்வை மட்டும்தான் நடத்தும். சீட்டு கொடுப்பது அந்தந்த பல்கலைக்கழகம். ஒவ்வொன்றின் வெப்சைட்டிலும் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். “அதான் பரீட்சை எழுதியாச்சே, அவங்களே கூப்பிடுவாங்க” என்று வீட்டிலேயே இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அடுத்தடுத்த சுற்றுகள் உண்டு. அவை முடிவதற்குள் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

இன்னொன்று, சாதி சான்றிதழ். நம்ம ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய பல்கலைக்கழகத்தில் எடுபடாது. மத்திய அரசு படிவத்தில் ‘ஓ.பி.சி. - கிரீமிலேயர் அல்லாதோர்’ என்று தாசில்தாரிடம் தனியாக வாங்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் 27 சதவீத ஒதுக்கீடு இருந்தும் பொதுப்பிரிவில்தான் மோத வேண்டும். இந்த மாதிரி காரணத்தால் சீட்டு போயிருந்தால், ஒரு வருஷம் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டி என்ன பிரயோஜனம்?

5 மார்க் கணக்கு

நிஜமாகவே மார்க்தான் குறைவு என்றால் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 75 கேள்வி, 300 மார்க். சரியான பதிலுக்கு 4. தப்பு என்றால் 1 மார்க் கழியும். அதாவது ஒரு தப்பு சரியானால் 5 மார்க் ஏறும். பத்து தப்பைத் திருத்தினால் 50 மார்க். எங்கே நிற்கிறோம், போன வருஷம் கடைசி சீட்டு எத்தனை மார்க்கில் போனது என்று பார்த்தால், எட்டும் தூரமா எட்டாத தூரமா என்பது தெரிந்துவிடும்.

எழுதியவர்களின் விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் முகமை வெப்சைட்டில் வெளியிடுகிறார்கள். லிங்க் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. தப்பானவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: பாடமே தெரியாதது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது, கேள்வியின் இங்கிலீஷ் புரியாதது. சைக்காலஜி தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும், தமிழ் கிடையாது. 2025-ல் கொடுத்த நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 வினாடிதான். அவசரத்தில் விட்டதே அதிகம் என்றால், பழைய கேள்வித்தாளை கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால் மார்க் ஏற வாய்ப்பு உண்டு. புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும்தான் காலை வாரிவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம், அது சில மாதத்தில் படிக்கக்கூடியது. பாதிப் பாடமே புதுசாக இருந்தது, டிகிரி படித்ததே வேறு சப்ஜெக்ட் என்றால், இன்னொரு வருஷம் என்பது முழுநேர உழைப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி இரண்டு மணி நேரம் படித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

சேர்ந்துகொண்டே எழுதினால்?

கோவை பாரதியார் பல்கலைக்கழகம் உள்பட மாநில பல்கலைக்கழகங்களிலும் சைக்காலஜி முதுகலை இருக்கிறது. அங்கே சேர்ந்து படித்தபடியே அடுத்த மார்ச்சில் எழுதிப் பார்க்கலாம். சீட்டு கிடைத்து மாறினால், கட்டிய பீஸ் பெரும்பாலும் போனதுதான். முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்கவும் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீணாகவில்லை. கையில் காசு இல்லாத வீட்டுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ்சி. எந்த பல்கலைக்கழகத்தில் முடித்தாலும் அது மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவு செய்தால்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். அதற்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் தனி நுழைவுத்தேர்வு இருக்கிறது. ஆக, இன்னொரு தேர்வு எப்படியும் காத்திருக்கிறது. முதல் படியிலேயே ஒரு வருஷத்தை விடுவதா என்பதை இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். எம்.பில். படிப்பை நிறுத்திய யு.ஜி.சி., கிளினிக்கல் சைக்காலஜி போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்திருந்தது. எனவே எந்தப் படிப்புக்கு, எந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று கவுன்சில் வெப்சைட்டில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

மறுபடி எழுதுவது என்று முடிவானால், விண்ணப்ப அறிவிப்பு பொதுவாக டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். ஓ.பி.சி. சான்றிதழ் பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததுமே தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.