கோடையிலும் உறையும் கார்புரேட்டர்

செஸ்னா 150 என்பது அமெரிக்காவில் 1958 முதல் 1977 வரை தயாரான சிறு விமானம். இருவர் அமரலாம், எஞ்சின் 100 குதிரைத்திறன் உடையது. விமானம் ஓட்டக் கற்றவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் விமானம் இதுதான்.

மாணவர் ஒருவர் இதில் பறந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்; காற்றில் ஈரம் மிகுதி. எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு 2400 சுற்றுகளிலிருந்து 2300, 2200 என மெல்ல இறங்குகிறது. பெட்ரோல் நிறைய இருக்கிறது. மாணவர் எதையும் தொடவில்லை. பின் என்னதான் கோளாறு?

காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிகிறது!

20 டிகிரியில் பனிக்கட்டியா என்று கேட்பீர்கள். ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்றிருக்கிறதல்லவா? ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை ஸ்பிரிட் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரில் சிதறும் பெட்ரோலோ காற்றிலிருந்து எடுக்கிறது. அங்குள்ள குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைவதாலும் சற்றுக் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 20, 30 டிகிரிகூடக் குறைந்துவிடும். காற்றிலுள்ள நீராவி உறைந்து திராட்டில் தகட்டில் படிய, காற்று செல்லும் வழி அடைபடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கடுங்குளிரில் இத்தொல்லை குறைவு. அந்த வறண்ட காற்றில் உறைவதற்கு நீராவி ஏது?

இதற்கு மருந்து விமானியின் முன்னாலுள்ள ஒரு குமிழ். அதை இழுத்தால், எஞ்சினின் சூடான புகைக்குழாயைத் தழுவி வரும் காற்று கார்புரேட்டருக்குள் புகும். புதியவர் ஏமாறும் இடம் இதுதான். இழுத்தவுடன் எஞ்சின் தேறுவதில்லை. சுற்று வேகம் இன்னும் குறைகிறது! சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. போதாக்குறைக்கு, உருகிய நீரையும் எஞ்சின் விழுங்கவேண்டியிருக்கிறது. அது தடதடவென்று உதறுகிறது. ‘தவறு செய்துவிட்டோமோ’ என்று பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளினால் பனிக்கட்டி மேலும் வளரும். தள்ளாமல் பொறுத்திருந்தால் அடைப்பு கரைந்து, வேகம் தானாக ஏறத் தொடங்கும்.

அதற்காக மிகவும் காத்திருக்கவும் கூடாது. அந்தச் சூட்டைத் தருவதே ஓடும் எஞ்சின்தான். எஞ்சின் நின்றுபோனால் புகைக்குழாயும் ஆறிவிடும். பிறகு குமிழை இழுத்துப் பயன் இல்லை. தரையிறங்கும்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிறிதளவு பனிக்கட்டியே வழியை அடைத்துவிடும். ஆகவேதான் இவ்வகை விமானத்தில் திராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, குமிழை இழுக்கச் சொல்லித்தருகிறார்கள்.