கப்பல் சாப்பாடு

கடல் யாத்திரை போய்த் திரும்பியவர் இருவர் சந்தித்தால், முதலில் அலையைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தபடி சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அலையைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு முடிவதேயில்லை. அமெரிக்காவின் பிளாரிடாக் கரையிலிருந்து கரிபியன் தீவுகளுக்குக் குழந்தை குட்டிகளோடு உல்லாசப் பிரயாணம் போய்வரும் குடும்பங்களிடையே இப்போது ஒரே பல்லவிதான் கேட்கிறது: "முன்பிருந்த சாப்பாடு இப்போது இல்லை!" இந்தப் பல்லவியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வயோதிகத்தின் பெருமூச்சு என்று சற்று ஆராய்வோம்.

பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் எவ்வளவு பழைய காலத்தைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. 1840-ம் வருஷம் கூனார்டு கம்பெனியாரின் 'பிரிட்டானியா' என்ற நீராவிக் கப்பல் லிவர்பூலிலிருந்து அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைக் கடந்தபோது, பிரயாணிகளுக்குப் பால் வேண்டுமென்பதற்காக மேல்தளத்தில் ஒரு பசுவையே கட்டி வைத்திருந்தார்கள். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் இதே கப்பலில் அமெரிக்கா போனார். பிற்பாடு அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர் யாரும் அக்காலத்துக் கப்பல் விருந்துக்காக ஏங்க மாட்டார்கள். அதுவாவது பணக்காரர் கதை. கப்பலின் அடித்தட்டில் குடியேறப் போன ஏழை ஜனங்களோ, 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், பெரும்பாலும் தங்கள் அரிசி பருப்பைத் தாங்களே கொண்டுபோய் (அவர்களுக்கு அது மாவும் உருளைக்கிழங்கும்) தாங்களே பொங்கித் தின்ன வேண்டியிருந்தது.

குளிர்சாதன யந்திரம் வந்த பிறகே கப்பல் சமையலுக்கு விமோசனம் பிறந்தது. 1882-ல் 'டனீடின்' என்ற கப்பல் நியூஸீலந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை மூன்று மாதத்திற்கு மேல் கடலில் சுமந்து, கெடாமல் லண்டனில் இறக்கியது. பிரயாணிக் கப்பல்களும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. உயிருள்ள ஆடு கோழிகளை மேல்தளத்தில் அடைத்துவைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. 1912-ல் மூழ்கிப்போன 'டைட்டானிக்' கப்பலில் 40,000 முட்டைகளும் 40 டன் உருளைக்கிழங்கும் ஏற்றியிருந்தார்கள் என்பது பிரசித்தம். அக்கப்பலின் மூன்றாம் வகுப்பார் கடைசி நாள் மத்தியானம் சாப்பிட்டது அரிசி சூப், வறுத்த மாட்டிறைச்சி, சோளம், உருளைக்கிழங்கு, பிளம் புட்டிங். தாங்களே பொங்கித் தின்ற பாட்டன்மார்களின் பேரர்களுக்கு அது ராஜ போஜனம்.

இங்கே நம்மவர் ஒருவரின் ஞாபகம் வராமல் போகாது. 1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயிலிருந்து 'கிளைடு' கப்பலில் புறப்பட்ட ஒரு பதினெட்டு வயது இளைஞர், முள்ளையும் கத்தியையும் பிடிக்கத் தெரியாமலும், பரிமாறும் பதார்த்தங்களில் எதில் மாமிசம் இல்லை என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டும், சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்சணங்களையும் பழங்களையும் தமது அறையிலேயே தின்று காலம் தள்ளினார். இதை மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் தாமே சொல்லியிருக்கிறார். அன்றைய கப்பல் சமையல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று காந்தியடிகளைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? தமக்கு அதில் ஒரு கவளமும் இல்லை என்றுதானே! சாப்பாட்டின் தரம் என்னும்போது ருசியை மாத்திரம் எடை போட்டால் போதாது. யாருக்கு ருசி என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி, குடும்பங்கள் போகும் உல்லாசக் கப்பல்களுக்கு வருவோம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக அல்லாமல், போவதே காரியமாகப் போகும் இந்தக் கப்பல் தொழில் மயாமித் துறைமுகத்தில் வேரூன்றியது 1960-களின் கடைசியிலும் 1970-களிலுமாகும். ராயல் கரிபியன் கம்பெனியின் முதற் கப்பலான 'ஸாங் ஆப் நார்வே' 1970-ல் ஓடத் தொடங்கியது. 1972-ல் கார்னிவல் கம்பெனியார் ஒரு பழைய கப்பலை வாங்கி 'மார்டி கிரா' என்று பெயர் சூட்டி வெள்ளோட்டம் விட்டார்கள். அது மயாமி முகத்துவாரத்திலேயே மணலில் தட்டி நின்றுவிட்டது! நின்ற கப்பலில் பிரயாணிகளை அமைதியாக வைத்திருக்க விருந்துக்கு நிகரான உபாயம் வேறு என்ன இருக்க முடியும்?

அந்தக் காலத்துக் கப்பல் விருந்தைத்தான் இன்றைய பெரியவர்கள் நினைத்து நினைத்து உருகுகிறார்கள். ஒரே பெரிய மண்டபம். குறித்த நேரத்தில் இரண்டு பந்தி. அதே மேஜை, அதே பரிசாரகர். ஏழு நாளில் ஒரு நாள் சிங்கிறால். கடைசி இரவில் விளக்கை அணைத்துவிட்டு, 'பேக்டு அலாஸ்கா' என்னும் பனிக்கூழ்ப் பண்டத்தைத் தீக்கொழுந்தோடு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அர்த்தராத்திரியில், பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப் பறவைகளுக்கு நடுவே, கண்காட்சி போல் ஒரு விருந்து. அதைச் சாப்பிட்டவரை விடப் படம் பிடித்தவர்களே அதிகம் என்பது நம் சந்தேகம். இந்த அர்த்தராத்திரி விருந்து இன்று அனேகமாக ஒழிந்துவிட்டது. தீக்கொழுந்து ஊர்வலமும் நெருப்புப் பயத்தால் பல கப்பல்களில் நின்றது. விரயம் குறைந்தது என்று கம்பெனிகள் சொல்கின்றன. வேடிக்கை குறைந்தது என்று பிரயாணிகள் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் மெய்யே.

1998-ல் டிஸ்னி கம்பெனியார் 'டிஸ்னி மாஜிக்' கப்பலைக் கடலில் இறக்கியபோது பந்தி வைப்பதில் ஒரு புதுமை செய்தார்கள். கப்பலில் மூன்று சாப்பாட்டு மண்டபங்கள். ஒவ்வொரு குடும்பமும் இரவுக்கு ஒன்றாக மாறிச் செல்லும். பரிமாறுகிறவர்களும் அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே மண்டபம் மாறுவார்கள். இரண்டாம் நாளைக்குள் குழந்தைக்கு எது பிடிக்கும், எது ஒவ்வாது என்பது அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஒரு மண்டபத்தின் சுவர்களோ, வர்ணமில்லாத சித்திரங்களாகத் தொடங்கி, சாப்பாடு முடிவதற்குள் வர்ணம் பெற்று நிற்கும். வேடிக்கை பார்க்கிற சுவாரசியத்தில் குழந்தை தட்டைக் காலி செய்துவிடும். நம் வீட்டுப் பெண்மணிகள் நிலாவைக் காட்டி ஊட்டுவது இந்த சாஸ்திரத்தின் ஆதி நூல் அல்லவா?

ஆனால் அதே கப்பலில் 'பாலோ' என்று ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கூடமும் இருந்தது. அங்கே குழந்தைகளுக்கு இடமில்லை. டிக்கட்டு விலைக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. 2011-ல் ஓடத் தொடங்கிய 'டிஸ்னி டிரீம்' கப்பலில் 'ரெமி' என்ற பிரெஞ்சுக் கூடத்தில் ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு ஆரம்பத்தில் வைத்த கட்டணம் 75 டாலர். பிற்பாடு அது 100-ஐத் தாண்டிவிட்டது. நார்வேஜியன் கம்பெனியார் 2000-ம் வருஷத்திலிருந்தே பந்தி நேரம், குறித்த மேஜை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இஷ்டப்பட்ட போது இஷ்டப்பட்ட கூடத்தில் சாப்பிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். இஷ்டப்பட்ட கூடங்களில் பலவற்றின் வாசலில் கட்டணப் பலகையும் தொங்கியது.

இதுவும் புதிதல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1905-லேயே ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் 'அமெரிகா' கப்பலில் ரிட்ஸ் ஹோட்டலின் பெயரால், தனிப் பணம் கொடுத்துச் சாப்பிடும் கூடம் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: அன்று அது கோடீசுவரர்களின் ஆடம்பரம்; இன்றோ சாதாரணக் குடும்பமும் வாரத்தில் ஓர் இரவாவது அந்த வாசலில் நிற்கும்படி ஆகியிருக்கிறது.

அது மட்டுமா? முன்பு மண்டபத்தில் பிரதான பதார்த்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள். 2021-ம் வருஷக் கடைசியில் கார்னிவல் கம்பெனியார், மூன்றாவது பதார்த்தத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் 5 டாலர் என்று விதித்தார்கள். ராயல் கரிபியன் கப்பல்களில் சிங்கிறால் இரவன்று ஒன்று இலவசம். இன்னொன்று வேண்டுமென்றால் காசு. மூன்று பங்கு சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். மிகச் சிலரே. ஆனாலும் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, "இரண்டாம் முறை பாயசத்துக்கு நாலணா" என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னால், முதல் முறை சாப்பிட்ட பாயசமும் கசந்து போகும். குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருடைய குறை நாவிலே பிறந்ததல்ல, இந்த மனஸ்தாபத்திலே பிறந்தது என்பது நமது அபிப்பிராயம்.

பண விஷயத்தில் கணக்கைப் பார்த்துவிடுவதே உத்தமம். கொள்ளை நோயினால் 2020 மார்ச்சில் கப்பல்கள் யாவும் நின்றன. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மறுபடி புறப்பட்டது 2021-ன் நடுவில்தான். இடைக்காலத்தில் பெரிய கம்பெனிகள் தாங்க முடியாத கடனில் விழுந்தன. கார்னிவல் குழுமத்தின் கடன் மாத்திரம் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆகையால் அவர்கள் சாப்பாட்டில்தான் கை வைத்திருப்பார்கள் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் குழுமத்தின் ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்லுகிறது. 2019-ல் உணவுக்காகச் செலவானது சுமார் 108 கோடி டாலர். பிரயாணிகள் சுமார் 1 கோடியே 29 லட்சம். 2023-ல் செலவு சுமார் 133 கோடி டாலர். பிரயாணிகள் சுமார் 1 கோடியே 25 லட்சம். மாலுமிகள், பணியாட்கள் சாப்பாடும் இதில் அடக்கம். தலைக்கு 84 டாலராக இருந்தது 107 டாலராக ஏறியிருக்கிறது; அதாவது நூற்றுக்கு 27 வீதம் உயர்வு. இதே நான்கு வருஷத்தில் அமெரிக்காவில் உணவுப் பொருள் விலை நூற்றுக்கு 25 வீதம் ஏறியது. ஆகவே சமையலறைக்குள் போகும் சரக்கு பெரிதாகக் குறைந்துவிடவில்லை; கூடவும் இல்லை. எங்கே போடுகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. பெரிய மண்டபத்தின் பகட்டைக் குறைத்து, மேல்தளத்து ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, நூடுல்ஸ் கடை என்று பத்து இடங்களில் பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஜனத் தொகையையும் மறக்கக் கூடாது. 'ஸாங் ஆப் நார்வே' ஆரம்பத்தில் ஏற்றியது சுமார் 700 பிரயாணிகள். 2024-ல் வந்த 'ஐகான் ஆப் தி ஸீஸ்' 7,600 பேர் வரையில் ஏற்றும். கப்பல் அடுப்புகள் நெருப்புப் பயத்தால் மின்சாரத்தில் எரிபவை. காய்கறி கறிவகைகள் பெரும்பாலும் புறப்படும் துறைமுகத்தில் வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுபவை. ஒரே பந்தியில் ஆயிரக்கணக்கான தட்டுகள் ஒரே சமயத்தில் வெளியே போக வேண்டும். ஆகையால் முன்னதாகவே தயார் செய்து சூட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். மீன் வறண்டு போவதும், கீரை வதங்கிப் போவதும் அங்கேதான். ஆயிரம் பேர் கல்யாணத்தில் ரசம் ருசிக்கும்; தோசை ருசிக்காது. கப்பலிலும் அப்படியே: பெருந்திரளுக்கு ஏற்ற சூப்பு, ரொட்டி, குழம்பு வகைகள் நன்றாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட வேண்டியவை சோபிப்பதில்லை.

சுகாதாரத்தில் முன்னேற்றம் உண்டு என்பதில் விவாதமேயில்லை. 1975-ல் அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு இலாகா கப்பல் சோதனைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து சமையலறையைச் சோதித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. மதிப்பெண்கள் பகிரங்கமாக வெளியாகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் வாந்திபேதிக் கிருமி அடிக்கடி கப்பலேறி விடுகிறது. பெரும்பாலும் அது சமையல்காரர் கையைவிடப் பிரயாணிகள் கையிலிருந்தே பரவுகிறது. சாப்பிடுமுன் கை கழுவு என்று நம் பாட்டிமார் சொன்னதை அங்கே மண்டப வாசலில் ஆள் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது!

நம் துறைமுகத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பல் சுமார் அரை நூற்றாண்டு சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகளை ஏற்ற அதற்கு அநுமதி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் போன நம் தமிழ் ஜனங்கள். முதல் வகுப்பார் மேஜை வேறு, தளப் பிரயாணியின் தட்டு வேறு. அந்தத் தட்டிலே என்ன விழுந்தது என்று யாரும் விளம்பரப் படம் எடுத்து வைக்கவில்லை.

1990-ல் ராயல் கரிபியன் கம்பெனிக்காகக் கட்டிய 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற கப்பல், மயாமியிலிருந்து பஹாமாத் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் யாத்திரைக்காகவே ஏற்பட்டது. சிங்கிறால் இரவையும் பனிக்கட்டி அன்னத்தையும் நினைத்து உருகுகிறவர்களின் தலைமுறைக் கப்பல் அது. கை மாறி, பெயர் சுருங்கி, 'எம்ப்ரஸ்' என்று கார்டீலியா கம்பெனியின் கொடியில் 2022-ம் வருஷம் ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதே மண்டபங்கள்தாம். ஆனால் இப்போது அங்கே சைவச் சாப்பாடு தனி. வெங்காயமும் கிழங்கும் சேர்க்காத ஜைனச் சாப்பாடு தனி. எதில் மாமிசம் இல்லை என்று யாரும் கூச்சத்தோடு கேட்க வேண்டிய அவசியமில்லை. பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.