வெண்ணெய் திரண்டது, தாழி உடைந்தது!

பிலடெல்பியா நகரத்தை அழவைத்த 10 நாட்கள்

வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள். சலூனில் முடி வெட்டிக்கொண்டே பேசினார்கள். டிராம் வண்டியில் பேசினார்கள். சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் பிள்ளையும் பேசினார்கள்.

"நாளைக்கு யார் பந்து எறிவது?"

"அந்தப் பையனை ஆட விடலாமா, கூடாதா?"

எங்கே பார்த்தாலும் இதே பேச்சு!

அமெரிக்காவிலே பிலடெல்பியா என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. 1964-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த ஊரில் ஆளுக்கு ஆள் மானேஜர் ஆகிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அந்த மாதம் 20-ந் தேதி வரை அது சந்தோஷப் பேச்சாக இருந்தது. அடுத்த 10 நாளில் அழுகையாக மாறியது.

60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பழைய ரசிகர்கள் கூடினால் இன்றும் அந்த வழக்கு ஓய்வதில்லை.

என்ன வழக்கு? பார்ப்போம்.

என்ன ஆட்டம்?

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் என்றால் உயிர். அதை கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

ஒரு கோஷ்டிக்கு 9 பேர். ஒருவர் பந்து எறிவார். எதிர்க் கோஷ்டிக்காரர் உருண்டை மட்டையால் அடிப்பார். மைதானத்தில் 4 மூலைகள் உண்டு. அடித்தவர் 3 மூலைகளைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி அடித்துவிட்டால் நிதானமாகச் சுற்றி வரலாம். அதற்கு "ஹோம் ரன்" என்று பெயர்.

பந்து எறிபவர்தான் ஆட்டத்துக்கு உயிர். ஒரே ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் எறிய வேண்டி வரும். தோள் வலிக்கும். முழங்கை வீங்கும். ஆகவே ஒரு நாள் எறிந்தவருக்கு 3 நாளாவது ஓய்வு கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். 4 பேர் முறை வைத்து எறிவார்கள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிலடெல்பியா ஆடிய நேஷனல் லீகில் அப்போது 10 கோஷ்டிகள் இருந்தன. ஒவ்வொரு கோஷ்டிக்கும் வருஷத்தில் 162 ஆட்டம். அதிகம் ஜெயிப்பவர்களுக்கு லீக் பட்டம். பிறகு அமெரிக்கன் லீகில் முதலில் வந்தவர்களோடு "வேர்ல்டு சீரீஸ்" என்ற பெரிய போட்டி நடக்கும்.

ஏழை வீட்டுக்கு வந்த யோகம்

பிலடெல்பியாவின் கோஷ்டிக்கு "பில்லீஸ்" என்று பெயர். 1883-ல் பிறந்த பழைய கோஷ்டி. ஆனால் 80 வருஷத்தில் லீக் பட்டம் வாங்கியது இரண்டே தடவைதான். 1915-ல் ஒன்று, 1950-ல் ஒன்று. 1961-ல் சேர்ந்தாற்போல் 23 ஆட்டம் தோற்றுத் தலை குனிந்தார்கள்.

அப்படிப்பட்ட கோஷ்டி 1964-ல் தலை நிமிர்ந்தது!

மானேஜர் பெயர் ஜீன் மாக். கெட்டிக்காரர். எதிரியின் தரப்பில் யார் எறிகிறார் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி தினமும் ஆட்களை மாற்றுவார்.

பந்து எறிவதில் சிங்கம், ஜிம் பன்னிங். ஜூன் 21-ந் தேதி, தந்தையர் தினத்தன்று, நியூயார்க்கில் அவர் ஒரு அதிசயம் செய்தார். எதிரிகள் 27 தடவை மட்டை பிடிக்க வந்தார்கள். 27 தடவையும் அவுட்! ஒருவர்கூட முதல் மூலையில் கால் வைக்கவில்லை.

அன்றைக்கே இன்னொரு ஆட்டமும் நடந்தது. அதில் பில்லீசுக்காக எறிந்தவர் ரிக் வைஸ். வயது 18. அவரும் ஜெயித்தார். பெரிய லீகில் அதுதான் அவருக்கு முதல் வெற்றி. இந்தப் பையனின் பெயரை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும்.

அந்த வருஷம் 14 லட்சம் பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்து ஆட்டம் பார்த்தார்கள். செப்டம்பர் 20-ந் தேதி கணக்கு இது: பில்லீஸ் ஜெயித்தது 90, தோற்றது 60. பாக்கி 12 ஆட்டம். இரண்டாவது இடத்தில் இருந்த சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் கோஷ்டிகளைவிட 6½ ஆட்டம் முன்னால் இருந்தார்கள். (ஒரு கோஷ்டி ஜெயித்து, மற்றது அன்று ஆடாமல் இருந்தால் அரை ஆட்டம் என்று கணக்கு.)

பட்டம் கைக்குள் வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேர்ல்டு சீரீசுக்கு டிக்கெட்கூட அச்சடித்துவிட்டார்கள்!

29 ஹோம் ரன், 41 தப்பு!

ஊரார் ஓயாமல் விவாதித்தது ஒரு இளைஞரைப் பற்றி. அவர் பெயர் டிக் ஆலன். வயது 22. கறுப்பு இனத்தவர். பெரிய லீகில் அதுதான் அவருக்கு முதல் முழு வருஷம்.

அடிப்பதில் புலி. அந்த வருஷம் 201 தடவை வெற்றிகரமாக அடித்தார். அதில் 29 ஹோம் ரன். ஆனால் பந்து பிடிப்பதில் 41 தப்பு செய்தார். காரணம் இருந்தது. முந்திய வருஷம் வெளி மைதானத்தில் நின்றவரை, மூன்றாவது மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்து குண்டு மாதிரி பாய்ந்து வரும் இடம் அது.

"கையில் வந்த பந்தை விடுகிறான். பட்டம் வாங்கும் சமயத்தில் இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றது ஒரு கட்சி.

"ஒரு ரன்னைக் கோட்டை விட்டாலும் இரண்டு ரன்னைக் கொண்டுவருகிறானே! பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றது மறு கட்சி.

மானேஜர் மாக் அசையவில்லை. 162 ஆட்டத்திலும் ஆலனை இறக்கினார்.

ஆனால் இது வெறும் ஆட்டப் பேச்சு மட்டும் அல்ல. நேஷனல் லீகில் கறுப்பு இனத்தவரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட கோஷ்டி பில்லீஸ்தான். அதுவும் 1957-ல்தான். 1963-ல் ஆலனை லிட்டில் ராக் என்ற தென்னாட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் கோஷ்டியில் ஆடிய முதல் கறுப்பு இனத்தவர் அவரே. அவருடைய காரில் வசைச் சீட்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள் சிலர். 1964 ஆகஸ்டு கடைசியில் பிலடெல்பியாவிலும் இனக் கலவரம் மூண்டது. அதுவும் ஆட்ட மைதானம் இருந்த வடக்குப் பகுதியிலேயே!

அவருடைய பெயரைக்கூட ஊரார் விட்டுவைக்கவில்லை. "ரிச்சி" என்று கூப்பிட்டார்கள். "அது சின்னப் பையன் பெயர், என் பெயர் டிக்" என்பது அவர் கட்சி. அதை வெகு காலம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு ஓட்டம்!

செப்டம்பர் 21-ந் தேதி. பிலடெல்பியாவில் ஆட்டம். எதிரி சின்சினாட்டி. ரன் எதுவும் இல்லாமல் ஆட்டம் 6-வது கட்டத்துக்கு வந்தது.

சின்சினாட்டியின் சிகோ ரூயிஸ் மூன்றாவது மூலையில் நின்றார். கியூபாக்காரர். அவரும் அந்த வருஷம் புதிதாக வந்தவர். மட்டை பிடித்து நின்றவர் பிராங்க் ராபின்சன், பெரிய அடிகாரர். அவர் அடிக்கும்போது மூலையிலிருந்து ஓடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். பந்து மண்டையில் பட்டாலும் படும்!

ரூயிஸ் திடீரென்று ஓடினார். பந்து எறிந்த ஆர்ட் மஹாபி திகைத்துப் போனார். பந்து கோணலாகப் போயிற்று. ரூயிஸ் வந்து சேர்ந்தார்.

ஆட்டம் முடிந்தது: சின்சினாட்டி 1, பில்லீஸ் 0.

இதில் ஒரு வேடிக்கை. 1950-ல் பில்லீசுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஹோம் ரன்னை அடித்தவர் டிக் சிஸ்லர். 1964-ல் அதே சிஸ்லர்தான் சின்சினாட்டிக்குத் தற்காலிக மானேஜர்!

"ஒரு ஆட்டம்தானே, போகட்டும்" என்றார்கள் ரசிகர்கள். மறுநாளும் தோல்வி. அதற்கு மறுநாளும் தோல்வி. அடுத்து மில்வாக்கிக் கோஷ்டி வந்தது. நாலு நாள், நாலு தோல்வி.

ஆலன் சும்மா இருக்கவில்லை. 25-ந் தேதி 10-வது கட்டத்தில் ஒரு அடி அடித்தார். பந்து மைதானத்துக்குள்ளேயே ஓடியது. அது திரும்பி வருவதற்குள் நாலு மூலையும் சுற்றி வந்து ஆட்டத்தைச் சமன் செய்தார்! ஆயினும் 12-வது கட்டத்தில் தோல்வி. 27-ந் தேதி ஜானி காலிசன் 3 ஹோம் ரன் அடித்தார். அன்றும் 14-க்கு 8 என்று தோல்வி. முதல் இடமும் பறிபோயிற்று.

சொந்த ஊரில் 7 நாள், 7 தோல்வி!

இரண்டே நாள் ஓய்வு

இப்போதுதான் ஊர் கொதித்தது.

மானேஜர் மாக் நம்பியது இரண்டே பேரைத்தான். ஒருவர் பன்னிங். இன்னொருவர் கிறிஸ் ஷார்ட். ஷார்ட் 22-ந் தேதி எறிந்தார். இரண்டு நாள் விட்டு 25-ந் தேதி எறிந்தார். மறுபடி இரண்டு நாள் விட்டு 28-ந் தேதி எறிந்தார். பன்னிங் 24, 27, 30 ஆகிய தேதிகளில் எறிந்தார். அந்த 10 ஆட்டத்தில் 6 ஆட்டத்தை இந்த இருவருமே தொடங்கினார்கள்.

"இரும்பா, மனிதனா? கை என்ன ஆகும்?" என்று கேட்டது ஒரு கட்சி. "ரிக் வைஸ் இருக்கிறானே! அவனுக்கு ஒரு நாள் கொடுங்கள். தோற்றால் தோற்கட்டும். மறுநாள் பன்னிங் புதுத் தெம்போடு வருவாரே!"

"நெருக்கடியான நேரத்தில் 19 வயதுப் பையனை நம்பி இறங்குவதா?" என்று மடக்கியது மறு கட்சி. "கல்ப்புக்கு முழங்கை சரியில்லை. பென்னட்டுக்குத் தோள் வலி. மாக் வேறு யாரிடம் போவார்?"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் வைசுக்கு அந்த 10 நாளில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பில்லீஸ் செயின்ட் லூயிசுக்குப் போனார்கள். அங்கே 3 ஆட்டம். காலிசனுக்குக் காய்ச்சல். 29-ந் தேதி, உடம்பு நடுங்க, மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து அடித்து முதல் மூலையில் போய் நின்றார். குளிர் தாங்கவில்லை, மேல்சட்டை கொண்டுவரச் சொன்னார். அதைப் பூட்டவும் விரலில் வலு இல்லை. பக்கத்தில் நின்ற எதிரிக் கோஷ்டியின் பில் ஒயிட் அதைப் பூட்டிவிட்டார்!

அந்த மூன்றும் தோல்வி. மொத்தம் 10 நாள், 10 தோல்வி.

பிறகு 3 நாள் ஓய்வுக்குப் பின் கடைசி நாளன்று பன்னிங் எறிந்தார். பில்லீஸ் 10, சின்சினாட்டி 0! அதைப் பார்த்த ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஓய்வு கொடுத்தால் இப்படி அல்லவா எறிகிறார்!"

காலம் கடந்துவிட்டது. அதே நாளில் செயின்ட் லூயிசும் ஜெயித்தது. முடிவு: செயின்ட் லூயிஸ் 93 வெற்றி, பில்லீஸ் 92, சின்சினாட்டி 92. அந்தப் 10 ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஜெயித்திருந்தால் பட்டம் பிலடெல்பியாவுக்கு!

பக்கத்து வீட்டுப் பாடம்

செயின்ட் லூயிசிலும் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. அந்த வருஷம் ஜூனில் பேர்பெற்ற எர்னி புரோக்லியோவைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, லூ பிராக் என்ற 24 வயது இளைஞரை வாங்கினார்கள். பிராக் அதுவரை சுமாராகத்தான் ஆடியவர். "ஏமாந்து போனார்கள்" என்று சிரித்தவர்கள் உண்டு. பிராக்கைத் தினமும் ஆட விட்டார்கள். அவர் சிறுத்தை போல் ஓடினார். செயின்ட் லூயிஸ் லீக் பட்டம் வாங்கி, வேர்ல்டு சீரீசிலும் நியூயார்க் யாங்கீசை 4-க்கு 3 என்று வென்றது.

பிறகு என்ன ஆனார்கள்?

ஜீன் மாக் 26 பருவங்கள் மானேஜராக இருந்தார். ஒரு தடவைகூட வேர்ல்டு சீரீசை எட்டவில்லை.

ரிக் வைஸ்? 1971 ஜூன் 23-ந் தேதி சின்சினாட்டிக்காரர் ஒருவரையும் அடித்து மூலை சேர விடாமல் எறிந்தார். அதே ஆட்டத்தில் தாமே 2 ஹோம் ரன்னும் அடித்தார்! மொத்தம் 188 ஆட்டம் ஜெயித்தார்.

டிக் ஆலனுக்கு 1964-ல் சிறந்த புது ஆட்டக்காரர் பரிசு கிடைத்தது. ஆனால் மறு வருஷம் மூத்த ஆட்டக்காரர் ஒருவரோடு கைகலப்பு நடந்தது. ஊரார் ஆலன் மீதே பழி போட்டார்கள். மைதானத்தில் அவர் மீது சாமான்களை எறிந்தார்கள். மண்டையைக் காக்க, பந்து பிடிக்கும்போதும் தலைக்கவசம் அணிந்து நின்றார்! பிறகு ஊரை விட்டுப் போனார். 1972-ல் சிகாகோவில், அமெரிக்கன் லீகிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு வாங்கினார். 1975-ல் பில்லீசுக்குத் திரும்பி வந்தார். இந்தத் தடவை கைதட்டினார்கள்.

2020 டிசம்பரில் ஆலன் காலமானார். பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு 2014-லும் 2021-லும் ஒரே ஒரு ஓட்டில் தவறியவரை, 2024 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். 2025-ல் அந்தக் கௌரவத்தை வழங்கினார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அந்த மைதானமும் இன்று இல்லை. 1976-ல் இடித்துவிட்டார்கள்.

வேர்ல்டு சீரீஸ் வெற்றிக்காகப் பிலடெல்பியா 1980 வரை காத்திருந்தது.

வீட்டிலும் தொழிலிலும் இந்த வழக்கு நமக்கும் வருகிறது. நெருக்கடி வந்தால் பழகிய கையையே மேலும் மேலும் வேலை வாங்குகிறோம். பக்கத்தில் ஒரு சின்னவன் நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் தப்பு செய்யலாம், உண்மைதான். ஆனால் அவனுக்கும் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்?