தலைக்கு மேலே பறப்பது யார்?
பெயர் கேட்டுச் சொல்லும் சின்னப் பெட்டி

சென்னையை அடுத்த பாடிக்குப் பழைய பெருமையும் உண்டு, புதிய பெருமையும் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இந்த ஊர்தான். மோட்டார் உறுப்புகள் செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகிய தொழிற்சாலைகள் இருப்பதும் இங்கேதான். இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனால் ஆவடி. அங்கே டாங்கித் தொழிற்சாலை.

இந்த வட்டாரத்து ஆகாயத்தில் காக்கைக்கும் பருந்துக்கும் கூட்டாளியாக இப்போது ஒரு புதுப் பறவை வந்திருக்கிறது. அதுதான் டிரோன். கல்யாணமா? படம் எடுக்க டிரோன். கோயில் திருவிழாவா? கூட்டத்தைப் பார்க்க டிரோன். நில அளவையா? அதற்கும் டிரோன்.

நல்லதுதான். ஆனால், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் தலைக்கு மேல் இந்தப் பறவை வந்து ‘ஙொய்’ என்று நின்றால்? அது யாருடையது, எதற்காக வந்தது என்று அவர் யாரைக் கேட்பது? தெருவில் ஒரு லாரி இடித்துவிட்டுப் போனால் நம்பரைக் குறித்துக்கொள்ளலாம். 200 அடி உயரத்தில் நிற்கும் டிரோனின் நம்பரை எந்தக் கண்ணால் படிப்பது?

கண்ணால் முடியாததைக் காதால் செய்யலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதற்கென்று சட்டைப் பையில் அடங்கும் சின்னப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது.

பேர் சொல்லும் கிளி

இந்த யோசனை புதியதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராடார்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வருகிற விமானம் தெரியும். அது நம்முடையதா, எதிரியுடையதா என்பது தெரியாது. ஆகவே, ராடார் அலை பட்டதும் ‘நான் நம்மவன்’ என்று பதில் சொல்லும் கருவியைத் தங்கள் விமானங்களில் பொருத்தினார்கள். அதற்கு வைத்த ரகசியப் பெயர் ‘கிளி’! இன்றைக்கும் ஆங்கிலத்தில் விமானியிடம் அடையாள எண்ணை அனுப்பச் சொல்லும்போது, கிளி கத்துவதைக் குறிக்கும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டிரோனிலும் அப்படி ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் யாரும் கேட்கும்வரை இது காத்திருப்பதில்லை. விநாடிக்கு ஒரு முறையாவது தானே கத்திக்கொண்டிருக்கும். தன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் சொல்லும். அதோடு, தன்னை இயக்குகிறவர் எங்கே நிற்கிறார் என்பதையும், அல்லது தான் புறப்பட்ட இடத்தையும் சொல்லிவிடும்.

இதற்குத் தனி ரேடியோ வேண்டியதில்லை. நம் கைப்பேசிகளில் இருக்கும் புளூடூத், வைஃபை அலைகளே போதும். ஒவ்வொரு செய்தியும் 25 பைட் அளவுதான். அந்த அலைகளைப் பிடித்து வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுவது பெட்டியின் வேலை. சில கைப்பேசிகளே இந்தக் குரலைக் கேட்டுவிடும். நல்ல ஆன்டெனா உள்ள தனிப் பெட்டி இன்னும் வெகு தூரத்துக் குரலையும் கேட்கும். நடுவே கட்டடங்கள் மறைத்தால் தூரம் குறையும்.

அமெரிக்காவில் 250 கிராம், அதற்கு மேற்பட்ட எடையுள்ள டிரோன்கள் இவ்வாறு அடையாளம் சொல்ல வேண்டும் என்ற விதி, இயக்குகிறவர்களுக்கு 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜனவரி முதல் பெரும்பாலான டிரோன்களுக்கு இது கட்டாயம்.

திருடன் பேர் சொல்வானா?

“அப்படியானால் இனிக் கவலை இல்லை!” என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டி கேட்பது, கத்துகிற கிளியை மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு பறக்கும் டிரோன் அதன் காதில் விழாது. 2021 ஜூன் 27-ஆம் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் மூலம் வெடிகுண்டு போட்டார்களே, அப்படிப்பட்டவர்கள் விலாசம் சொல்லிக்கொண்டா வருவார்கள்? பொய்யான அடையாளத்தை அனுப்பவும் முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நியாயமாகப் பிழைக்கும் புகைப்படக்காரர் ஒருவர், பல ஆயிரம் ரூபாய்க் கருவியோடு மைதானத்து ஓரத்தில் தனியாக நிற்கிறார். அவர் நிற்கும் இடம் ஊரார் அனைவருக்கும் தெரிவது அவருக்கு நல்லதா? அமெரிக்காவில் டிரோன் வியாபாரி ஒருவர் இது அந்தரங்கத்தில் தலையிடுவது என்று வழக்குப் போட்டார். பொதுவெளியில் பறப்பதற்கு அப்படி அந்தரங்கம் கோர முடியாது என்று 2022-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. அதே ஆண்டு உக்ரேன் யுத்தத்தில், சீன நிறுவனமான டி.ஜே.ஐ.யின் ‘ஏரோஸ்கோப்’ என்ற கேட்கும் கருவியைப் பற்றி உக்ரேன் அரசாங்கம் முறையிட்டது. டிரோன் இயக்குகிறவரின் இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

இதற்கு அமெரிக்க விதி ஒரு நடுவழி கண்டிருக்கிறது. எண்ணையும் இடத்தையும் யாரும் கேட்கலாம். ஆனால் அந்த எண் யாருடையது என்ற பதிவேடு அதிகாரிகள் கையில்தான் இருக்கும்.

நம் நாட்டில்

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், டிரோன்களுக்குத் தனி அடையாள எண் வேண்டும் என்கின்றன. ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது என்கின்றன. இடம், உயரம், வேகம், அடையாள எண் ஆகியவற்றைத் தெரிவிக்கும் கருவியைப் பொருத்துமாறு பிற்பாடு உத்தரவிடவும், அதற்குக் குறைந்தது ஆறு மாத அவகாசம் தரவும் அந்த விதிகளில் இடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கேட்பது வேறு, தடுப்பது வேறு. அலைகளைக் குழப்பும் ‘ஜாமர்’ கருவியைத் தனியார் அரசாங்க அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. கல்லால் அடித்து வீழ்த்துவதும் கூடாது. அது விழுவது இன்னொருவர் தலையாக இருக்கலாம். சந்தேகம் தோன்றினால் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு போலீசாரிடம் சொல்வதே முறை.

தெருவில் ஓடும் வண்டிக்கு நம்பர் பலகை வந்ததால் விபத்து நின்றுவிடவில்லை. ஆனால், இடித்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு வழி பிறந்தது. ஆகாயத்துக்கும் அந்த அளவு வந்தால்கூட, மொட்டை மாடியில் நிற்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் துணி உலர்த்தலாம்!